வழக்கமாக ஒதுங்கும் இடம்

காலை ஏழு மணிக்கு மாடிப்படியில் பனியனோடு நின்று, "அக்கா, தண்ணி மோட்டாரை நிறுத்தியாச்சா?" என்று கேட்ட அதே மாப்பிள்ளைதான் பத்தரை மணிக்கு வானொலி நிலையத்து வாசலில் அலுவலகக் காரிலிருந்து இறங்கினார். கழுத்தில் டை. கையில் அரக்கு முத்திரை வைத்த உறை. முகத்தில், இதுவரை அங்கே வானிலை வாசிக்கும் அக்காவை எங்கேயும் பார்த்ததே இல்லை என்பது போன்ற ஒரு பாவனை.

அக்காவின் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அவர்கள் இருவரும் மாடியில், அக்கா கீழே. வெளியுறவுத் துறையில் பதினோரு வருஷமாக எல்லைப் பிரிவு அதிகாரி என்று அவருக்குப் பெரிய பதவிப் பெயர் உண்டு. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் வெறும் மாப்பிள்ளைதான். நிலையத்தில் இருக்கும் மற்றவர்களும் அப்படித்தான் அவரைச் சொல்லுவார்கள், அவர் காதில் விழாமல்.

"இதை வீட்டுலயே குடுத்திருக்கலாமே மாப்பிள்ளை?"

"வீட்டுல குடுத்தா அது பேச்சு. இங்க குடுத்தாத்தான் அறிவுறுத்தல்."

"சரி, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"அறிவுறுத்தலைப் படிச்சதுக்கு அப்புறம்."

அக்கா உறையைப் பிரித்தாள். 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று தொடங்கிய கடிதத்தில் விஷயம் ஒன்றுதான். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்களுக்கு, மேற்படித் தீவை நம் பெயராலோ, அக்கரையார் வைத்த பெயராலோ, வேறு எந்தப் பெயராலோ அடைமொழியாலோ வானொலியில் குறிப்பிடக் கூடாது.

"மேற்படித் தீவுன்னா? மேல எங்கயும் தீவோட பேரே இல்லையே?"

"அதைத்தான் குறிப்பிடக் கூடாதுன்னு கீழ எழுதியிருக்கோமே அக்கா," என்றார் மாப்பிள்ளை. அக்கா என்று கூப்பிட்டுவிட்டது அப்புறம்தான் உறைத்தது. டையைச் சரிசெய்துகொண்டார்.

இந்தத் தீவுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இக்கரையும் அக்கரையும் ஒரு காலத்தில் ஒரே நாடு, இன்றும் ஒரே பாஷை. நடுவில் மூன்று வருஷம் சண்டை நடந்தது. சண்டை முடிந்து சமாதான உடன்படிக்கை எழுதியவர்கள் கடல் வரைபடத்தில் அளவுகோலை வைத்து வடக்கேயிருந்து ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். தெற்கேயிருந்து வேறு இரண்டு பேர் இன்னொரு கோடு போட்டார்கள். இரண்டும் சந்தித்திருக்க வேண்டும், சந்திக்கவில்லை. நடுவில் விட்டுப்போன இடைவெளியில் அந்தத் தீவு அகப்பட்டுக்கொண்டது. எல்லோருக்கும் களைப்பு, ஊருக்குத் திரும்பும் அவசரம். 'பிரிவு ஏழு: இது குறித்துப் பின்னர் பேசப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் 'பின்னர்' இருபத்திரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

தீவு என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். இரண்டு பள்ளிக்கூட மைதானத்தைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. குடிக்கத் தண்ணீர் கிடையாது. மரம் என்று பார்த்தால் ஒன்றரை மரம். ஆனால் இக்கரை அரசாங்கம் அதற்கு ஒரு பெயர் வைத்துத் தபால்தலை வெளியிட்டிருந்தது. அக்கரை அரசாங்கம் வேறு பெயர் வைத்துப் பாடப்புத்தகத்தில் சேர்த்திருந்தது. படகுக்காரர்களுக்கு இரண்டு பெயருமே வாயில் நுழையவில்லை. இரண்டு கரையிலும் அதை அவர்கள் 'திட்டு' என்றே சொன்னார்கள். இதனால் மாப்பிள்ளைக்கு ஒரு தீராத சங்கடம். உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யார் கேட்டாலும் தங்கை கொஞ்சமும் யோசிக்காமல், "நாட்டுக்குத் திட்டு வாங்கிக் குடுக்கற வேலை," என்று சொல்லிவிடுவாள்.

உண்மையில் அவர் செய்த வேலை மாதம் ஒரு கடிதம் எழுதுவது. ஒன்றாம் தேதி, 'அத்துமீறலை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று இங்கிருந்து ஒரு கடிதம் போகும். பதினைந்தாம் தேதி, அங்கிருந்து அதே வாசகத்தில் ஒரு கடிதம் வரும். தேதி மட்டும் மாறும். ஒருமுறை தட்டச்சு செய்தவர் 'வன்மையாக' என்ற வார்த்தையை விட்டுவிட்டார். இக்கரை இறங்கி வருகிறது என்று அக்கரைப் பத்திரிகைகள் தலையங்கம் எழுத, மாப்பிள்ளை ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார்.

இப்போது எதற்கு இந்த நான்கு நாள் மௌனம் என்றால், பெரிய நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். கப்பல்கள் நிறைய வைத்திருப்பவர்கள். அவற்றை நிறுத்த அவர்களுக்குத் துறைமுகம் வேண்டும். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு பெரிய துணை வேண்டும். மூவரும் சேர்ந்து பாதுகாப்பு ஒப்பந்தம் போடுவதாக ஏற்பாடு. யாருக்கு எதிராக என்று கேட்டால் யாருக்கும் எதிராக அல்ல என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் பெரிய நாட்டுத் தூதர் ஒரு நிபந்தனை வைத்தார். கையெழுத்து ஆகும் வரையில் தீவு என்ற பேச்சையே இரண்டு தரப்பும் எடுக்கக் கூடாது. அரசாங்கத்தின் வாய் எதுவோ அதெல்லாம் மூடியிருக்க வேண்டும். வானொலியும் அரசாங்கத்தின் வாய்தானே.

"படிச்சிட்டேன்," என்றாள் அக்கா. "டீ சொல்லட்டுமா?"

"சர்க்கரை கம்மியா," என்றார் மாப்பிள்ளை.

கடலை எட்டுப் பகுதியாகப் பிரித்து, தினம் மதியம் ஒன்றரை மணிக்கு அக்கா வானிலை வாசிப்பாள். பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. கரையோரம் முழுக்க அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறி வாங்கப் போனால், "எவ்வளவு?" என்று கேட்ட மாத்திரத்தில் கடைக்காரர், "நாளைக்கு மழை உண்டாக்கா?" என்பார்.

ஏழாம் பகுதி, திட்டும் அதைச் சுற்றிய கடலும். செவ்வாய்க்கிழமை ஆறாம் பகுதியை வாசித்து முடித்து, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, எட்டாம் பகுதிக்குத் தாவினாள். வெளியே வருவதற்குள் தொலைபேசி அடித்தது. படகுச் சங்கத் தலைவர்.

"அக்கா, ஆறுக்கு அப்புறம் எட்டா? எங்க ஊர்ல நடுவுல ஒண்ணு உண்டு."

"எங்க ஊர்லயும் நேத்து வரைக்கும் இருந்தது தலைவரே."

"மேலேருந்து சொல்லிட்டாங்களா?"

"மாடிலேருந்து," என்றாள் அக்கா.

இரண்டு மணிக்கு அக்கரை வானொலியின் வானிலை. அதைத் தினமும் கேட்பது அவள் வழக்கம். தன் கணிப்போடு ஒத்துப்பார்க்க என்று சொல்லிக்கொள்வாள். அக்கரை அறிவிப்பாளர் தடித்த குரல்காரர், எதையும் அவசரப்படாமல் வாசிப்பவர். அன்றைக்கு அவரும் அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த பகுதிக்குப் போனார். மாட்டிக்கொண்டது தான் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் அக்காவுக்கு ஒரு சின்ன திருப்தி.

புதன்கிழமையும் அப்படியே போயிற்று. கடலும் ஒத்துழைத்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டே முக்கால் மணிக்கு வானிலை மையத்திலிருந்து அழைப்பு வந்தது. பணியிலிருந்த அதிகாரி சாதாரணமாகப் பேசத் தொடங்கினாலே தூக்கம் வரும், அவ்வளவு நிதானமானவர். இன்றைக்கு வார்த்தைகளை விழுங்கினார்.

"தெற்கால போகவேண்டியது திரும்பிடுச்சுக்கா. காலையில பாத்ததுக்கும் இப்பவுக்கும் சம்பந்தமே இல்ல. சின்ன சுழல்தான், ஆனா ரொம்ப இறுக்கமா இருக்கு. காத்து நூறு கிலோமீட்டரைத் தாண்டும்."

"எப்போ? எங்க?"

"அஞ்சரை வாக்குல. நேரா திட்டு மேல."

அக்கா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

காலையில் எச்சரிக்கை எதுவும் இல்லாததால் நூற்று நாற்பது படகுகள் கடலில் இருந்தன. அக்கரையிலிருந்து எத்தனையோ. படகுகளில் வானொலிப் பெட்டி உண்டு. கேட்க முடியும், பதில் பேச முடியாது. அதைவிட மோசமான விஷயம், திடீரென்று காற்று எழுந்தால் படகுக்காரர்கள் கரைக்கு ஓட மாட்டார்கள். கரை மூன்று மணி நேரம். திட்டு பக்கத்தில் இருக்கிறது. அதன் மேற்குப் புறத்தில் காற்று மறைவாக ஒரு வளைவு உண்டு. சண்டைக்கு முன்பிருந்தே இரண்டு கரைப் படகுக்காரர்களும் அங்கே போய் நங்கூரம் போட்டு, காற்று ஓயும் வரை சீட்டாடிவிட்டுத் திரும்புவார்கள். சண்டை நடந்த மூன்று வருஷமும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லுவதுண்டு. இன்றைக்கு அங்கே போனால், புயலின் வாய்க்குள் தாங்களே நடந்துபோய் உட்கார்ந்தது போல ஆகிவிடும்.

மாப்பிள்ளை மாநாட்டு மண்டபத்தில் இருந்தார். அவரை வெளியே வரவழைக்கவே ஆறு நிமிஷம் ஆயிற்று.

"அக்கா, உள்ள மூணாவது பத்தில நிக்கறோம். 'நட்பு' போடறதா 'நல்லுறவு' போடறதான்னு..."

அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"இருங்க. கேட்டுட்டு வரேன்."

பன்னிரண்டு நிமிஷம் கழித்து, அனுமதிக்கப்பட்ட வாசகத்தோடு வந்தார். எழுதிக்கொள்ளச் சொன்னார். "கிழக்குக் கடற்பரப்பின் சில இடங்களில் சில நேரங்களில் பலத்த காற்று வீசக்கூடும். மீனவர்கள் உரிய கவனத்துடன் இருக்கவும்."

"இதைக் கேட்டா அவங்க உரிய கவனத்தோட நேரா திட்டுக்குத்தான் போவாங்க மாப்பிள்ளை."

"பொதுவா ஒரு எச்சரிக்கை குடுத்தாப் போதும்னு மேலிடத்துல..."

"பொதுவாச் சொன்னா பொதுவாத்தான் செத்துப்போவாங்க."

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நான் அதிகாரியாப் பேசட்டுமா, மாப்பிள்ளையாப் பேசட்டுமா?"

"ரெண்டு பேர்ல யாருக்குத் தைரியம் இருக்கோ அவரு பேசட்டும்."

அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்து, 'நல்லுறவு' என்று உரக்கச் சொல்வது கேட்டது.

"பேரை மட்டும் சொல்லிடாதீங்க," என்றார் மாப்பிள்ளை. "அதுக்கு மேல நீங்க சொல்றது எதுவும் எனக்குக் கேக்கல. லைன் சரியில்ல." வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மணி ஒன்று இருபது. அக்கா ஒரு காகிதத்தை எடுத்து எழுதினாள். இக்கரைப் பெயரை எழுதி அடித்தாள். 'கிழக்கே இருக்கும் அந்தச் சிறிய' என்று தொடங்கி, அது அடைமொழி ஆகிவிடுமே என்று அடித்தாள். ஏழாம் பகுதி என்று எழுதினாள். அதுவும் ஒரு பெயர்தான். அடித்தாள். நிலைய இயக்குநர் கதவருகில் வந்து நின்றார். அந்த முத்திரைக் கடிதத்தை மூன்று முறை படித்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்த மனிதர் அவர்.

"என்ன வாசிக்கப்போறீங்க?"

"வானிலைதாங்க."

"வானிலை மட்டும்தானே?"

அக்கா காகிதத்தின் மறுபுறத்தைத் திருப்பினாள். அவளுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியிருந்தது. தீவைப் பற்றிப் பேசத்தான் தடை. படகுக்காரர்களின் பழக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டுப் பகுதிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கடலில் இருக்கும் படகுகள் கவனிக்கவும். இன்று மாலை ஐந்தரை மணிக்குக் கடும் புயல். காற்று எழுந்தால் நீங்கள் வழக்கமாக ஒதுங்கும் இடத்தில் இன்று ஒதுங்க வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன். வழக்கமாக ஒதுங்கும் இடத்தில் இன்று ஒதுங்க வேண்டாம். புயல் அங்கேதான் வருகிறது. வலையை அறுத்து விட்டாவது உடனே புறப்படுங்கள். எந்தக் கரை கிட்டே இருக்கிறதோ அந்தக் கரைக்குப் போய்விடுங்கள்."

இதை மூன்று தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் பிசிறியது. பத்தொன்பது வருஷத்தில் அது முதல் முறை. விளக்கு அணைந்த பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

இயக்குநர் உள்ளே வந்தார். "பேரு எங்கயும் வரலையே?"

"வரலீங்க."

"அப்புறம் எனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

இரண்டு மணிக்கு இருவருமாக அக்கரை வானொலியை வைத்துக் கேட்டார்கள். தடித்த குரல்காரர் வழக்கமான வணக்கத்தைக்கூடச் சொல்லவில்லை. "படகுகள் கவனிக்கவும். நீங்கள் வழக்கமாக ஒதுங்கும் இடத்தில் இன்று ஒதுங்க வேண்டாம்." எழுத்து மாறாமல் அதே வாசகம். முடிக்கும்போது சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார். "அரை மணி முன்பு எதிர்க்கரையில் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அம்மா சொன்னது சரி. அதன்படி செய்யுங்கள்."

இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். திட்டு விஷயத்தில் ஒரு கரை சொன்னதை மறு கரை சரி என்று சொன்னது இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அது மாநாட்டு மண்டபத்தில் நடக்கவில்லை.

நாலரை மணிக்கு வானம் கருத்தது. ஐந்து மணிக்கு நிலையத்தின் ஜன்னல் கதவு ஒன்று பெயர்ந்து வராந்தாவில் விழுந்தது. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சங்கத் தலைவர் துறைமுகத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, நனைந்த குரலில் கணக்குச் சொன்னார். எழுபது வந்தாச்சு. தொண்ணூறு. நூத்தி நாலு. ஆறு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டில் நின்றுபோனது.

"இன்னும் இருபத்தெட்டு வரலக்கா," என்றார். அப்புறம் காற்றின் சத்தம் மட்டும் கம்பி வழியே வந்துகொண்டிருந்தது. நூற்று நாற்பது படகுக்கும் தன்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் சுற்றி வளைத்துச் சொன்ன வாக்கியம், யாருக்காவது புரியாமல் போயிருந்தால் என்று நினைத்தாள். பேரையே சொல்லித் தொலைத்திருக்கலாம். என்ன செய்துவிடுவார்கள்?

ஆறே முக்காலுக்கு அக்கரை வானொலி பாட்டை நிறுத்தியது. தடித்த குரல் வந்தது. "எதிர்க்கரைக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. உங்கள் இருபத்தெட்டுப் படகுகள் எங்கள் துறைமுகத்தில் இருக்கின்றன. எல்லோரும் நலம். ஒருவருக்குக் கையில் அடி, கட்டுப் போட்டிருக்கிறோம். கவலைப்பட வேண்டாம்."

அக்கா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்கை நெருங்கினார். பத்து வருஷமாக மைக் பக்கம் போகாதவர். இக்கரைத் துறைமுகத்தில் அவர்களுடைய பத்தொன்பது படகுகள் இருக்கின்றன என்று தாமே அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலுக்கே அலுவலகக் கார் வந்தது. மாப்பிள்ளை முன் சீட்டில், அக்கா பின் சீட்டில். ஓட்டுநர் இருந்ததால் இருவரும் அந்நியர் போல உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் மாப்பிள்ளை திரும்பாமலே, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

"சாப்பிட்டேன். தங்கச்சி குடுத்தனுப்பினா."

"எனக்குக் குடுக்கல," என்றார் மாப்பிள்ளை.

வெளியுறவுத் துறையின் செயலாளர் கண்டிப்பான அம்மாள். அவர் எதிரே சட்ட அதிகாரி, முந்தின நாள் ஒலிபரப்பின் தட்டச்சுப் பிரதியைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படிக்காத குறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"பெயர் இல்லை. அடைமொழி இல்லை. திசைகூட இல்லை. மீறல் என்று எதைச் சொல்வது அம்மா?" என்றார் செயலாளரிடம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அதற்குள் அக்கரைத் தூதுக்குழுவிடமிருந்து கண்டனம் வந்தது. 'வழக்கமாக' என்ற சொல்லுக்கு அவர்கள் வன்மையாக ஆட்சேபம் தெரிவித்திருந்தார்கள். இக்கரைப் படகுகள் அங்கே வழக்கமாக ஒதுங்குகின்றன என்றால் அது பாத்தியதை கொண்டாடுவது ஆகாதா?

சட்ட அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஆகுமே! நான் அதைக் கவனிக்கவே இல்லையே!"

"அவங்க ஆளும் அதே வார்த்தையைத்தாங்க சொன்னாரு," என்றாள் அக்கா.

முகம் வாடியது. இரண்டு கரைக்கும் ஒரே வழக்கம், ஒரே பாத்தியதை. சட்டப்படி இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கூரையைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினார்.

பெரிய நாட்டுத் தூதர் அப்போதுதான் உள்ளே வந்தார். நான்கு மணிக்கு அவருக்கு விமானம். நான்கு நாளில் மூன்று பத்திகளைத் தாண்டியிருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அந்த வாக்கியம் என்ன, எனக்குச் சொல்லுங்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் 'ஒதுங்கும் இடம்' என்பதைக் கழிப்பிடம் என்று சொல்லிவிட்டார். இரு நாட்டு மீனவர்களும் வழக்கமாகப் பயன்படுத்தும் கழிப்பிடத்துக்காகவா இருபத்திரண்டு வருஷம் என்று தூதர் திகைத்து நிற்க, செயலாளர் அம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக அலுவலகத்தில் சிரித்தார். திருத்திச் சொன்ன பிறகு தூதர் அக்காவைப் பார்த்தார்.

இது உண்மையா என்று அவர் கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"உண்மைதாங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் அங்கதான் ஒதுங்குவாங்க. இடம் பத்தலைன்னா படகோட படகைக் கட்டிக்குவாங்க."

அப்படியென்றால் ஒப்பந்தத்தில் அதையே ஒரு பிரிவாக எழுதுங்கள் என்றார் தூதர்.

சுலபமாகச் சொல்லிவிட்டார். எழுத நாலு மணி நேரம் பிடித்தது. 'வழக்கமாக' போதுமா, 'வழக்கமாகவே' வேண்டுமா என்று ஒரு மணி நேரம். 'இக்கரை அக்கரைப் படகுகள்' என்பதில் எந்தக் கரை முதலில் என்று இரண்டு மணி நேரம். கடைசியில் மாப்பிள்ளைதான் வழி சொன்னார். இந்தப் பிரிவில் கையெழுத்துப் போடுவது இரண்டு கரையும்தான், பிரதியும் இரண்டு. நம் பிரதியில் நம் படகு முதலில், அவர்கள் பிரதியில் அவர்கள் படகு முதலில். பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன ஒரு யோசனையை இரண்டு தரப்பும் உடனே ஏற்றுக்கொண்டது இதுவே முதல் முறை என்பதால், அவருக்கே சந்தேகம் வந்து ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்தார். மூன்றே காலுக்குப் பாதுகாப்பு ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்தானது. புயலின்போது இரு கரைப் படகுகளும் வழக்கமாக ஒதுங்கும் இடத்தில் எவரும் எவரையும் தடுப்பதில்லை. அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பது குறித்துப் பின்னர் பேசப்படும்.

தூதர் விமானத்தைப் பிடித்துவிட்டார். படகுகள் எல்லாம் சனிக்கிழமை அவரவர் ஊர் போய்ச் சேர்ந்தன. இங்கே வந்திருந்த பத்தொன்பது படகில் இருந்தவர்களுக்குச் சங்கத் தலைவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி இரண்டு நாளைக்கு யாரோடும் பேசவில்லை.

அக்காவுக்குப் பரிசு எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை நிலையத்துக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதிக்கப்பட்ட வாசகத்தை வாசிக்காதது குறித்துத் துறை தன் அதிருப்தியைத் தெரிவிக்கிறது, இனி இவ்வாறு நேரக் கூடாது. கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து. அன்று மாலை மாடியில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை.

தங்கை மெமோவை வாங்கிப் படித்தாள். "இத பாரு, பதினோரு வருஷமா இவரால வாங்க முடியல. நீ ஒரே நாள்ல திட்டு வாங்கிட்டியேக்கா!"

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளைதான் அவசரமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, யாரிடம் என்றில்லாமல், "ஃபைல்ல அது இருந்தாகணும். அவ்வளவுதான்," என்றார்.

"தெரியும் மாப்பிள்ளை. நீங்க வன்மையாகூடப் போடல. பாத்தேன்," என்றாள் அக்கா.

ஒப்பந்தத்தின் இணைப்பில் இன்னொரு சின்ன ஏற்பாடும் இருந்தது. இரு நாட்டு வானிலை அறிவிப்பாளர்களும் தினம் ஒருமுறை தொலைபேசியில் கலந்து பேச வேண்டும். இரண்டு அறைகளுக்கும் நேராக ஒரு கம்பி இழுத்து, ஆளுக்கொரு பச்சை நிறத் தொலைபேசி வைத்தார்கள். யார் யாரை முதலில் கூப்பிடுவது என்று கேள்வி வந்தது. கூப்பிடுகிறவர் இறங்கிப்போகிறவரா, ஏறிப்போகிறவரா என்பதில் இரண்டு துறைக்கும் கருத்து வேற்றுமை. மாப்பிள்ளை யோசித்து, ஒற்றைப்படைத் தேதியில் இக்கரை, இரட்டைப்படைத் தேதியில் அக்கரை என்று விதி எழுதினார். அக்கரையார் நாட்காட்டியை எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு ஆட்சேபித்தார்கள். முப்பத்தொன்றாம் தேதியும் ஒற்றைப்படை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை. வருஷத்துக்கு ஏழு நாள் இக்கரைக்குக் கூடுதலாகப் போகிறதே? இதற்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதன் மூன்றாவது சுற்றுப் பேச்சுவார்த்தை வரும் மாதம் நடக்க இருக்கிறது. மாப்பிள்ளைதான் தலைவர். பதவி உயர்வு போலத்தான்.

குழு முடிவு சொல்லும் வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு வந்த மறுநாள் மதியம் ஒரு மணிக்குப் பச்சைத் தொலைபேசி அடித்தது.

"வணக்கங்க," என்றது அந்தத் தடித்த குரல். "நான் கூப்பிடல. கை பட்டுடுச்சு."

"நானும் எடுக்கல. தூசி தட்டிக்கிட்டிருந்தேன்," என்றாள் அக்கா.

சிரிப்பு கேட்டது. அப்புறம் அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு விஷயம் சொல்லணும்னு நினைச்சேங்க. என் சம்சாரம் வீட்டுல உங்க நிலையத்தைத்தான் வைப்பா. 'உங்க குரலைத்தான் நாள் முழுக்க வீட்டுலயே கேக்கறேனே, வானிலையையும் உங்ககிட்டயே கேக்கணுமா'ன்னு என்கிட்ட கேப்பா. அன்னைக்கு ஒன்றரை மணிக்கு நீங்க வாசிச்சதைக் கேட்டுட்டு அவதான் எனக்குப் போன் பண்ணினா. நான் எனக்குக் குடுத்த காகிதத்தை வெச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருந்தேன். 'அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்க, சொந்தமா யோசிக்காதீங்க'ன்னா."

"அவங்களை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

"சொல்றேன். அப்புறம் என்னை ஏன் விசாரிக்கலன்னு கேப்பேன்."

"உங்களை விசாரிக்கத்தான் துணைக்குழு போட்டிருக்காங்களே," என்றாள் அக்கா. "காத்து எப்படி?"

"தென்மேற்கு, பதினஞ்சு. மேகம் கொஞ்சம் கூடுது. உங்க பக்கம்?"

"இருங்க, பாத்துட்டு வரேன்," என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, அக்கா மொட்டைமாடிக்குப் போகும் படியில் ஏறினாள்.